ஒன்றரை நட்சத்திரமும் ஒரு முழுப் புத்தகமும்

1996இல் சிகாகோவில் ஒருவர் ஜிம் ஜார்முஷின் 'டெட் மேன்' படத்துக்குப் போகலாமா என்று பத்திரிகைகளைப் புரட்டியிருந்தால் குழம்பித்தான் போயிருப்பார். 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழில் ராஜர் ஈபர்ட் ஒன்றரை நட்சத்திரம் போட்டிருந்தார். நீல் யங்கின் இசை, கடைசி அரைமணி நேரமும் யாரோ கிதாரைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவது போல இருக்கிறது என்று கிண்டலும் செய்திருந்தார். அதே ஊரில் இலவசமாகக் கிடைத்த 'சிகாகோ ரீடர்' வார இதழில் ஜோனதன் ரோசன்பாம் அந்தப் படத்தைக் கொண்டாடி நீண்ட கட்டுரை எழுதினார். அதோடும் அவருக்கு ஆறவில்லை. 2000இல் அந்த ஒரு படத்தைப் பற்றியே ஒரு புத்தகம் கொண்டுவந்தார்.

இரண்டு பேரும் நேர்மையானவர்கள். பெரிய ஸ்டுடியோக்களுக்கு வெளியே எடுக்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் போகும் அமெரிக்கப் படங்களுக்காக இரண்டு பேருமே பல ஆண்டுகள் வாதாடியவர்கள். ஆனாலும் ஒரே படத்தில் இவ்வளவு தூரம் விலகி நிற்கிறார்கள். இதில் யார் பேச்சைக் கேட்பது?

சென்ற மாதம் என் அக்கா மகன் தொலைபேசியில் ஏறக்குறைய இதையேதான் கேட்டான். "மாமா, அமெரிக்கச் சுயாதீனப் படங்களை ஒழுங்காகப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வாரம் இரண்டு படத்துக்குமேல் எனக்கு நேரமில்லை. பட்டியல் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு விமர்சகரைச் சொல்லுங்கள், ஒரு வருடம் அவர் பின்னால் போகிறேன்." பட்டியல் வேண்டாம் என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பட்டியலுக்கு எங்கும் பஞ்சமில்லை. தயாரித்தவர்கள் அந்தப் படங்களில் பாதியையாவது பார்த்தார்களா என்பதுதான் சந்தேகம். ஒரு மனிதரின் ரசனையோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்துவது வேறு காரியம். ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு நான்கு பேர் நினைவுக்கு வந்தார்கள்: ஈபர்ட், ரோசன்பாம், ஜோனாஸ் மேகாஸ், ரே கார்னி. 'நியூயார்க்கர்' பத்திரிகையின் விமர்சகர் பாலின் கேலை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். வாக்கியத்துக்கு வாக்கியம் அவரளவு சுவையாக எழுதியவர்கள் குறைவு. ஆனால் அவருடைய பெரிய காதல்களும் பெரிய சண்டைகளும் ஹாலிவுட் மதிலுக்கு உள்ளேயே நடந்தவை. அமெரிக்கச் சுயாதீனப் படங்களுக்கு முன்னோடியான இயக்குநர் ஜான் காசவெட்டிஸின் படங்கள் அவருக்கு ஒத்துவரவே இல்லை. இந்தப் பயணத்துக்குக் காசவெட்டிஸைப் பிடிக்காத வழிகாட்டி சரிப்படாது.

எளியவரிலிருந்து தொடங்குகிறேன். ஈபர்ட் 1967இல் 'சன்-டைம்ஸ்' பத்திரிகையில் விமர்சகரானார். 2013இல் இறக்கும்வரை அதே இடத்தில் எழுதினார். 1975இல் புலிட்சர் பரிசு பெற்றார். அவருடைய பலம் மொழி. அலுவலகம் விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து படிக்கும் மனிதருக்காக எழுதுவார். அகராதி தேவைப்படாது, கோட்பாடும் கிடையாது. தொலைக்காட்சியில் இன்னொரு விமர்சகரான ஜீன் சிஸ்கலோடு உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் தீர்ப்புச் சொன்னதால் அவரை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். 'ஹூப் ட்ரீம்ஸ்' படத்தின் கதை தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

சிகாகோவின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த ஆர்தர் ஏகீ, வில்லியம் கேட்ஸ் என்ற இரண்டு பையன்கள் கூடைப்பந்தாட்டத்தை நம்பி வாழ்க்கையில் மேலே வரப் பார்க்கிறார்கள். பொதுத் தொலைக்காட்சிக்கு அரைமணி நேரப் படம் எடுக்கத்தான் ஸ்டீவ் ஜேம்ஸும் நண்பர்களும் கிளம்பினார்கள். ஐந்து வருடம் பின்தொடர்ந்ததில் சுமார் 250 மணி நேரக் காட்சிகள் சேர்ந்து, படம் ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு வளர்ந்துவிட்டது. 1994 ஜனவரியில், சுயாதீனப் படங்களுக்குப் பேர்போன சன்டான்ஸ் விழாவுக்கு வந்தபோது அதை வாங்க விநியோகஸ்தர் யாரும் இல்லை. வெளியாகாத படத்தைத் தொலைக்காட்சியில் விமர்சிப்பது வழக்கமில்லை. சிஸ்கலும் ஈபர்ட்டும் வழக்கத்தை மீறி நாடு முழுக்கத் தெரியும்படி அதைப் பாராட்டினார்கள். அதன் பிறகுதான் படத்துக்கு வழி பிறந்தது. ஆஸ்கரில் ஆவணப்படப் பிரிவில் அதைச் சேர்க்காமல் விட்டபோது எழுந்த கூச்சலில் இவர்கள் குரலும் இருந்தது. கடைசியில் படத்தொகுப்புக்கு மட்டும் ஒரு பரிந்துரை கிடைத்தது. 1990களின் மிகச் சிறந்த படம் என்று ஈபர்ட் பிற்பாடு தேர்ந்தெடுத்ததும் இதைத்தான்.

அவரிடம் இன்னொரு குணமும் உண்டு. எர்ரல் மாரிஸின் 'கேட்ஸ் ஆஃப் ஹெவன்' செல்லப்பிராணிகளின் இடுகாடுகளைப் பற்றிய சின்ன ஆவணப்படம். அதை உலகின் மிகச் சிறந்த பத்துப் படங்களில் ஒன்றாகக் கூச்சமே இல்லாமல் வைத்தார். (மாரிஸ் இந்தப் படத்தை முடித்துக் காட்டினால் என் செருப்பைத் தின்கிறேன் என்று சவால் விட்ட ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக், 1979இல் பெர்க்லியில் செருப்பை வேகவைத்து மேடையேறித் தின்றார். இந்த வட்டாரத்து மனிதர்கள் இப்படிப்பட்டவர்கள்.) 2002 சன்டான்ஸில் ஜஸ்டின் லின்னின் 'பெட்டர் லக் டுமாரோ' திரையிட்டு முடிந்ததும் பார்வையாளர் ஒருவர் எழுந்தார். ஆசிய அமெரிக்கர்களை இப்படி ஒழுக்கக்கேடாகக் காட்டலாமா என்ற தொனியில் இயக்குநரைக் கேட்டார். கூட்டத்திலிருந்து ஈபர்ட் எழுந்து நின்று சத்தம் போட்டார். வெள்ளைக்காரர் எடுத்த படமாக இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்பது அவர் வாதம். 1999இல் தன் சொந்த ஊர்ப் பக்கத்தில், சாம்பெய்னிலுள்ள வர்ஜீனியா தியேட்டரில் ஒரு திரைப்பட விழாவையே தொடங்கினார். கவனிக்கப்படாத படங்களின் விழா என்றே அதற்குப் பெயர் வைத்தார்.

அப்படியானால் ஈபர்ட்டையே சொல்லிவிடலாமே? எனக்கு ஒரு தடை இருக்கிறது. அந்த இரவு அந்த இருக்கையில் தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் ஒளிக்காமல் எழுதுவார். பிடித்திருந்தால் அந்தப் பிரியம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் கதவு சாத்தப்பட்டுவிடும். 'டெட் மேன்' விமர்சனத்தைப் படித்து முடித்தவர் கையில் என்ன மிச்சம்? ஒரு நல்ல நகைச்சுவை வரி மட்டும்தான். படத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க எந்தப் பிடியும் கிடைக்காது. அவரோடு உடன்படுகிற வாரங்கள் இனிமையாக இருக்கும். உடன்படாத வாரங்களில் நாம் தனியாகத்தான் நடக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் மேகாஸ். அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் பழக்கமே கிடையாது. லிதுவேனியாவில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஜெர்மனியில் கட்டாய உழைப்பு முகாமில் அடைபட்டு, அகதியாக 1949இல் தம்பி அடோல்ஃபாஸோடு நியூயார்க் வந்து இறங்கினார். வந்த சூட்டோடு ஒரு போலெக்ஸ் கேமராவைத் தேடிக்கொண்டார். 1955 தொடக்கத்தில் 'ஃபிலிம் கல்ச்சர்' என்ற சிறுபத்திரிகையின் முதல் இதழ் வந்தது. 1958இலிருந்து 'வில்லேஜ் வாய்ஸ்' வாரப் பத்திரிகையில் சினிமாப் பத்தி எழுதினார். நடுவுநிலை, அளவுகோல், தரவரிசை எதுவும் அவருக்கு வேண்டாம். புதிய படங்கள் பிறக்கின்றன, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி வேலை எனக்கு என்ற மனநிலையில் எழுதியவர். மருத்துவச்சி குழந்தைக்கு நட்சத்திரம் போடுவதில்லை அல்லவா?

அவர் எழுத்தில் ஒரு காய்ச்சல் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஜாக் ஸ்மித்தின் 'ஃப்ளேமிங் க்ரீச்சர்ஸ்' ஆபாசம் என்று தடுக்கப்பட்டபோது கண்டித்து எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. தடையை மீறித் திரையிட்டு, 1964இல் கைதானார். 1962இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய கூட்டுறவு விநியோக அமைப்பில் தேர்வுக்குழு என்ற ஒன்றே கிடையாது. படம் எடுத்தவர் கொண்டுவந்து கொடுத்தால் பட்டியலில் ஏறிவிடும். எட்டு ஆண்டுகள் கழித்து அதே மனிதர் 'ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ்' நிறுவினார். அங்கே ஐந்து பேர் குழு ஒன்று உட்கார்ந்து, எது கலை எது இல்லை என்று பிரித்து, சுமார் 330 படங்களைக் காலத்துக்கும் நிற்க வேண்டியவை என்று அறிவித்தது. அந்தக் காப்பகத்தின் முதல் அரங்கை வடிவமைத்தவர் பீட்டர் குபெல்கா. பக்கத்து ஆள் கண்ணில் படாதபடி ஒவ்வொரு இருக்கைக்கும் கறுப்புத் தடுப்பு. சுவர், கூரை எல்லாம் கறுப்பு. திரை மட்டும் தெரியும். எல்லோருக்கும் வாசலைத் திறந்தவரே குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போன்ற ஓர் அரங்கில் போய் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

ஆனால் மேகாஸை ஒரு வருடத்துக்கான துணையாகச் சொல்ல மாட்டேன். அவர் மனம் போன இடம் கதைப்படங்கள் அல்ல. நாட்குறிப்புப் படங்கள், ஒளியும் நிறமும் மட்டுமே ஓடும் படங்கள், ஸ்டான் பிராகேஜின் மௌனப் படங்கள் என்று போய்விட்டார். அவர் உருகி எழுதிய பலவற்றை இன்றும் எளிதில் பார்க்க முடியாது. பத்தியைப் படித்துவிட்டு ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கவிதை எழுதுகிறவன், கையில் ஒரு கேமரா வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறவன் என்றால், அவனுக்கு மேகாஸைவிட நல்ல துணை இல்லை. என் அக்கா மகன் கணக்கு எழுதுகிறவன்.

மேகாஸும் கார்னியும் மோதிக்கொள்ளும் இடம் காசவெட்டிஸின் முதல் படமான 'ஷேடோஸ்'. ஒரு விமர்சகர் ஒரு படத்துக்குச் செய்யக்கூடிய நல்லதும் கெட்டதும் அந்தக் கதையில் ஒருசேர இருப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1957இல் காசவெட்டிஸ், ஜீன் ஷெப்பர்டின் இரவு வானொலி நிகழ்ச்சியில் பேசினார். சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் நேயர்களே பணம் அனுப்பலாமே என்றார். டாலர் நோட்டுகள் தபாலில் வந்து குவிந்தன; சுமார் 2,000 டாலர் சேர்ந்தது. பதினாறு மில்லிமீட்டர் கேமரா, தன் நடிப்புப் பட்டறை மாணவர்கள், நியூயார்க் தெருக்கள், சார்லஸ் மிங்கஸின் இசை, இவற்றை வைத்து ஒரு படம் எடுத்தார். 1958இல் நள்ளிரவுக் காட்சிகளாக அதைத் திரையிட்டார். வந்தவர்களில் பலர் பாதியில் எழுந்து போனார்கள். மேகாஸ் மட்டும் சொக்கிப்போனார். தன் பத்திரிகையின் முதல் சுயாதீனத் திரைப்பட விருதை 1959இல் இதற்குக் கொடுத்தார். காசவெட்டிஸுக்கோ திருப்தியில்லை. நடிகர்களை மறுபடி கூட்டி, பெரும்பகுதியைப் புதிதாக எடுத்து, 1959 நவம்பரில் வேறொரு 'ஷேடோஸ்' கொண்டுவந்தார். இன்று நாம் பார்ப்பது அதுதான். மேகாஸ் கொதித்துப்போய், முதல் படத்தின் உயிரைக் கொன்றுவிட்டார்கள், இது வெறும் வணிகப் படம் என்று பத்திரிகையில் எழுதினார். எடுத்தவரே சரியில்லை என்று ஒதுக்கிய பிரதியை எடுத்தவரைவிட அதிகமாக நேசித்த விமர்சகர்!

அந்த முதல் பிரதி பிறகு காணாமல் போயிற்று. பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே கார்னி பதினேழு ஆண்டுகள் தேடினார். எப்போதோ நியூயார்க் சுரங்க ரயிலில் யாரோ மறந்துவைத்த படச்சுருள், கேட்பாரற்ற பொருள்களோடு ஏலம் போயிருந்தது. அதை எடுத்த பழைய சாமான் வியாபாரியின் வாரிசு வீட்டில், ஃப்ளோரிடாவில் ஒரு பரணில் கிடந்தது. 2004 ஜனவரியில் ராட்டர்டாம் விழாவில் கார்னி அதைத் திரையிட்டார். காசவெட்டிஸின் மனைவியும் நடிகையுமான ஜீனா ரோலண்ட்ஸ் அதைப் பொதுவில் காட்டுவதை ஏற்கவில்லை. இன்றைக்கும் அது கடையில் கிடைக்கும் படமல்ல.

பதினேழு ஆண்டுகள்! வேறு யாருக்கு அந்தப் பிடிவாதம் வரும்? கார்னியின் பெருமையும் சிக்கலும் அந்தப் பிடிவாதத்திலேயே இருக்கின்றன. காசவெட்டிஸைப் பற்றி அவர் அளவுக்கு ஆழமாக எழுதியவர் இல்லை. ஒரு காட்சியில் ஒரு நடிகர் தயங்குவதை, பேச்சை மாற்றுவதை, சிரிப்பு பாதியில் முகமூடியாக மாறுவதை நிமிடம் நிமிடமாகப் பிரித்துக்காட்டுவார். 'ஷேடோஸ்' முழுக்க முன்தயாரிப்பின்றி நடித்தது என்று படத்தின் இறுதி அட்டை சொல்கிறது. இரண்டாம் பிரதியின் முக்கியமான காட்சிகள் எழுதி வைத்து எடுத்தவை என்பதைச் சான்றுகளோடு காட்டியவரும் இவர்தான். 2001இல் வந்த 'காசவெட்டிஸ் ஆன் காசவெட்டிஸ்' தொகுப்பைப் படம் எடுக்க நினைக்கிற எவரும் படிக்க வேண்டும். வீட்டை அடமானம் வைத்து, நண்பர்களை வேலை வாங்கி, தியேட்டர்காரர்களுக்குத் தானே தொலைபேசி செய்து படத்தை விற்ற மனிதனின் குரல் அதில் அப்படியே இருக்கிறது. மார்க் ராப்பபோர்ட், ராபர்ட் கிராமர், டாம் நூனன், பார்பரா லோடன் என்று வேறு பலருக்காகவும் கார்னி வாதாடினார். ஆண்ட்ரூ புஜால்ஸ்கியின் 'ஃபன்னி ஹா ஹா' வந்தபோது அதன் தலைமுறையை முன்கூட்டியே அடையாளம் கண்டவர்களில் ஒருவர்.

ஆனால் அவர் பின்னால் போனால் மதம் மாற வேண்டும். காசவெட்டிஸை ஏற்க ஹிட்ச்காக்கை எறிய வேண்டும், வெல்ஸைச் சந்தேகிக்க வேண்டும், கூப்ரிக்கை மறக்க வேண்டும். அழகான சட்டகம், சாமர்த்தியமான உருவகம் எல்லாம் வாழ்க்கையிலிருந்து தப்பிக்கும் வழி என்பது அவர் கட்சி. முதல் ஐம்பது பக்கம் விழிப்பு வந்தது போல இருக்கும். இருநூறாவது பக்கத்தில் நம் அலமாரியில் பாதியை விற்றுவிட வேண்டுமோ என்று பயம் வரும். இதைவிடக் கசப்பான சங்கதி ஒன்று உண்டு. 2012இல் ராப்பபோர்ட், பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்த தன் படப் பிரதிகளைக் கார்னி திருப்பித் தர மறுக்கிறார் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அவை தனக்கே கொடுக்கப்பட்டவை என்பது கார்னி தரப்பு. நீதிமன்றம்வரை போயிற்று. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் யாரும் கவனிக்காத கலைஞனைத் தூக்கிப் பிடிக்கிறவருக்கும் அந்தக் கலைஞனுக்கும் நடுவே இப்படி ஒரு வழக்கு வரும் நிலை நேர்ந்ததே, அதுவே மனதைச் சங்கடப்படுத்துகிறது.

இனி ரோசன்பாம். அவரை நான் தேர்ந்தெடுத்த காரணத்தை இன்னொரு படத்தின் கதையாகச் சொன்னால்தான் விளங்கும்.

சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' 1977இல் முடிந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின மக்கள் வாழும் வாட்ஸ் பகுதி. ஆட்டுத்தொட்டியில் வேலை செய்யும் ஸ்டான் என்ற மனிதன். அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. பிள்ளைகள் கூரைக்குக் கூரை தாவி விளையாடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. பர்னெட் அதைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்காக, பெரும்பாலும் வார இறுதிகளில், 10,000 டாலருக்குள் எடுத்தார். 1981இல் பெர்லினில் விமர்சகர்கள் பரிசு கொடுத்தார்கள். 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாடு பாதுகாக்க வேண்டிய படங்களின் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. பாராட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முறையாகத் தியேட்டருக்கு வந்தது 2007இல்தான். அரசே தேசியச் சொத்து என்று சொல்லி 17 ஆண்டுகள் ஆன பிறகு! காரணம் சப்பென்றிருக்கும்: பின்னணியில் ஒலித்த டைனா வாஷிங்டன் முதலானோரின் பாடல்களுக்கு உரிமை வாங்கவில்லை. மாணவனாகப் படம் எடுத்தவருக்கு அது தோன்றியிருக்காது. அந்த உரிமைகளை வாங்கப் பிற்பாடு சுமார் 150,000 டாலர் ஆயிற்று. படம் எடுக்க ஆன செலவைப்போலப் பதினைந்து மடங்கு. மைல்ஸ்டோன் என்ற சின்ன விநியோக நிறுவனம் பிடிவாதமாக நின்று, இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் பண உதவி செய்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் காப்பகம் பிரதியைச் சீரமைத்து, அப்புறம்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

ஆக, ஒரு படம் கவனிக்கப்படாமல் போவது மக்களுக்கு ரசனை இல்லாததால் என்று எண்ணுவது பெரிய தவறு. பெரும்பாலான நேரம் அதற்குப் பின்னால் ஓர் ஒப்பந்தமோ, ஓர் உரிமைச் சிக்கலோ, வாங்கிப் பெட்டியில் போட்ட ஒரு நிறுவனமோ இருக்கும். ஈபர்ட் "இதைப் பாருங்கள்" என்பார். மேகாஸ் "இதோ பிறந்துவிட்டது" என்பார். கார்னி "இதைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள்" என்பார். "இது ஏன் உங்கள் ஊருக்கு வரவில்லை தெரியுமா?" என்று விடாமல் கேட்டவர் ரோசன்பாம் ஒருவர்தான்.

அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நானாக ஓர் ஊகம் வைத்திருக்கிறேன். அலபாமாவில் ஃப்ளாரன்ஸ் என்ற சிற்றூரில் தியேட்டர்கள் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். எந்தப் படம் எந்த ஊருக்கு வரும் என்பதை எங்கோ உட்கார்ந்து யாரோ முடிவு செய்கிறார்கள் என்பதைச் சோறு தின்னும் நேரத்துப் பேச்சாகவே கேட்டு வளர்ந்திருப்பார். 1987 முதல் 2008 வரை 'ரீடர்' இதழில் எழுதியபோதும் திரையில் தெரிவதோடு நிற்காமல் திரைக்குப் பின்னாலுள்ள கணக்கையும் சேர்த்தே எழுதினார். 2000இல் வந்த 'மூவி வார்ஸ்' நூல் முழுக்க இந்தச் சண்டைதான். சன்டான்ஸில் விற்கப்படுவதையெல்லாம் சுயாதீனம் என்று அழைப்பதை அவர் ஏற்பதில்லை. இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை இயக்குநர் கையில் இருக்கிறதா என்பதுதான் அவர் உரைகல். 1993இல் மிராமாக்ஸ் என்ற விநியோக நிறுவனத்தை டிஸ்னி வாங்கிய பிறகும் அதன் படங்களைச் சுயாதீனம் என்று எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகளை அவர் கேலி செய்ததில் வியப்பில்லை. ஜார்முஷ் தன் படங்களின் நெகட்டிவைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறவர். 'டெட் மேன்' மேல் ரோசன்பாமுக்குப் பிரியம் வர அதுவும் ஒரு காரணம். 1998இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் நூறு மகத்தான அமெரிக்கப் படங்கள் என்று ஒரு பட்டியலைத் தடபுடலாக வெளியிட்டது. அதில் இல்லாத வேறு நூறு படங்களைக் கொண்டு அவர் பதில் பட்டியல் போட்டார். அதையே அக்கா மகன் ஒரு வருடப் பாடத்திட்டமாக வைத்துக்கொள்ளலாம். பட்டியல் வேண்டாம் என்று அவன் சொன்னது நினைவிருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு.

'டெட் மேன்' படத்தை நான் முதல் முறை பார்த்தபோது ஈபர்ட் கட்சியில்தான் இருந்தேன். கிளீவ்லாந்திலிருந்து வேலை தேடி மேற்கே போகும் கணக்குப்பிள்ளை, வில்லியம் பிளேக் என்று பெயர். மார்பில் குண்டு பாய்ந்து மெல்ல மெல்லச் செத்துக்கொண்டே பயணம் செய்கிறான். நோபடி என்ற பூர்வகுடி மனிதன் அவனை ஆங்கிலக் கவி பிளேக் என்றே நம்பிக் கூட வருகிறான். மெதுவாக நகர்கிறது, கிதார் அலறுகிறது, எனக்குக் கண் சொக்கியது. பிறகு ரோசன்பாமைப் படித்தேன். நோபடி க்ரீ, பிளாக்ஃபுட் மொழிகளில் பேசும் இடங்களுக்குச் சப்டைட்டில் கிடையாது. அது வேண்டுமென்றே செய்தது. அந்த மொழி தெரிந்த பார்வையாளர்களுக்கு மட்டுமான நகைச்சுவையும் உள்ளே இருக்கிறது என்று அவர் காட்டுகிறார். வெஸ்டர்ன் படங்களில் பல பத்தாண்டுகளாகச் சுடப்பட்டு விழ மட்டுமே வந்த மக்களை, பார்வையாளர்களாக மதித்த படம் இது. சப்டைட்டில் இல்லாமல் பிற மொழிப் படம் பார்த்துப் பழகிய நமக்கு இது உறைக்க வேண்டிய சங்கதி. எனக்கு அவர் சொல்லித்தான் உறைத்தது. இரண்டாம் முறை பார்த்தபோதும் கிதார் அலறத்தான் செய்தது. ஆனால் இந்த முறை, நகைச்சுவைக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டிருப்பவன் நான் என்பது தெரிந்தது.

அவருக்கும் குறைகள் உண்டு, ஏராளமாக. இரண்டு கட்டுரைக்கு ஒரு முறை ஸ்டுடியோக்களைத் திட்டாமல் இருக்க மாட்டார். ஒரு கட்டத்தில் அந்தத் திட்டு நமக்கு மனப்பாடமாகிவிடும். தன்னைப் பற்றி நிறையப் பேசுவார். அமெரிக்கச் சிற்றூர்ப் படத்தைப் பற்றிப் படிக்கப் போனால் ஈரானுக்கும் தைவானுக்கும் இழுத்துக்கொண்டு போவார். நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ் மேல் அவருக்குள்ள மரியாதையை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. கூட்டம் சிரிக்கும் படம் என்றாலே சந்தேகத்தோடு பார்ப்பாரோ என்று தோன்றும் சமயங்களும் உண்டு. மொழியும் ஈபர்ட்டைப் போலத் தண்ணீர் மாதிரி இறங்காது. மென்று தின்ன வேண்டும்.

செலவு என்று பார்த்தால் ஈபர்ட்டும் ரோசன்பாமும் சமம். இருவர் விமர்சனங்களும் அவரவர் பெயரிலுள்ள தளங்களில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. மேகாஸின் பத்திகளையும் கார்னியின் காசவெட்டிஸ் நூல்களையும் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அக்கா மகனுக்கு இப்படிச் சொன்னேன். வருடம் முழுக்க ரோசன்பாம். படத்தை முதலில் பார், பிறகு படி. முன்னால் படித்தால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பாய். பிடிக்காத படம் என்றால் கட்டாயம் படி. ஈபர்ட்டைத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள். ஆவணப்படம் என்றால் அவரையே முதலில் கேள். நீ படம் எடுக்கக் கிளம்பும் நாளில் கார்னியின் காசவெட்டிஸ் தொகுப்பை நானே வாங்கித் தருகிறேன். மேகாஸை நாற்பது வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பத்துக்குப் பர்னெட்டின் 'வென் இட் ரெயின்ஸ்'. 1995இல் எடுத்தது, 13 நிமிடம். வாட்ஸ் பகுதியில் புத்தாண்டு நாளன்று வாடகை கட்ட முடியாத ஒரு பெண்ணுக்காக ஒரு மனிதர் வீடுவீடாகப் போகிறார். ரோசன்பாம் ஓயாமல் எடுத்துச்சொல்லிவந்த சின்னப் படம். 'கில்லர் ஆஃப் ஷீப்' டிவிடியிலேயே இணைப்பாக இருக்கிறது. அது உனக்கு ஒத்துவரவில்லை என்றால் இவரையும் விட்டுவிடு, வேறு யாரையாவது பார்ப்போம் என்றேன்.

அது ஒத்துவந்துவிட்டது. மூன்றாம் வாரம் அவனாகவே 'டெட் மேன்' பார்த்திருக்கிறான். போன ஞாயிறு இரவு அழைத்தான். "மாமா, ஒன்றரை நட்சத்திரமே அதிகம். நான் ஒன்றுதான் கொடுப்பேன்" என்றான். சரி, உன் இஷ்டம் என்றேன். வைத்துவிடுவான் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"அந்த க்ரீ மொழி வசனங்களை யாராவது மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டான்.